நாடி எழுபத்திரண்டு

எனக்கு வீடு கிடைத்தது, தங்கச்சிக்கு உம்மா கிடைத்தார். இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடித்து வைப்பார்கள். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். மூத்தவளுக்கு நாள் குறித்ததும் உம்மாவும் வாப்பாவும் தாங்கள் இருந்த வீட்டுக்கு வெள்ளையடித்து அவளிடம் கொடுத்துவிட்டு, வளவின் மற்றப் பாதியில் இளையவளுக்கென்று இரண்டு அறையைக் கட்டிக்கொண்டு அங்கே குடிபோவார்கள். பிறகு இளையவளுக்குக் கலியாணம் ஆனாலும் அங்கேயே இருந்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. "பெரியவளுக்குத்தான் பெரிய வீடு" என்று ஊரெல்லாம் பேச்சு. பெரிய வீடுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் காலையில் அதன் குசினிக்குள் போய் நின்றபோது, உம்மா தன் அம்மிக்குழவியைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தது தெரிந்தது.

வாப்பா மௌத்தாகி உம்மா கைம்பெண்ணான பிறகு என் எரிச்சல் இன்னும் கூடிவிட்டது. வளவுக்கு நடுவே மதில், மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கடப்பு. அந்தப் பக்கம் உம்மா, தங்கச்சி, ஓட்டோ ஓட்டும் அவள் புருஷன், பிள்ளைகள். இந்தப் பக்கம் நான், என் குடும்பம். கடப்பால் மீனாணம் வரும், அவித்த கிழங்கு வரும், உம்மா வரமாட்டார். அவருக்கு முழங்கால் நோவு. நான்தான் போகவேண்டும். போனால் உம்மா எழுந்து கதிரையைத் துடைத்துப் போடுவார். சோசர் வைத்த கோப்பையில் தேத்தண்ணி வரும். "டியூட்டி எப்பிடி மகள்? கள்ளமில்லாம வேல செய்யணும்" என்பார். அரசாங்க உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால் எப்படிக் கதைப்பார்களோ அப்படி.

தங்கச்சியுடன் அப்படியில்லை. "அடியேய், இது உப்புப் போட்டதா, உப்பளத்துக்குள்ள முக்கி எடுத்ததா?" என்று நான் இருக்கும்போதே ஏசுவார். தலை வாரும்போது சீப்பு இழுபட்டால் அவள் கையில் பட்டென்று ஓர் அடி விழும். அவளும் "போங்க உம்மா" என்று சிணுங்கிவிட்டு மறுபடி வாருவாள். நான் சோசரைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி இருப்பேன். அவசர சிகிச்சைப் பிரிவில் பதினான்கு வருடம் வேலை செய்த, இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தி, தன் தங்கச்சிக்கு விழும் ஏச்சைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். எனக்கு ஏச்சுக்கூட மிஞ்சவில்லை.

எல்லாவற்றிலும் என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது, வருத்தமும் மருந்தும் எழுதும் உம்மாவின் கிளினிக் கொப்பி. உம்மாவுக்குப் பிரஷர். மாதம் ஒருமுறை கிளினிக். தங்கச்சி தன் புருஷனின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவாள். கொப்பிக்குப் பொலித்தீன் உறை போட்டு, தன் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பையில் தொங்கவிட்டிருந்தாள். வீட்டில் ஒரு நேர்ஸ் இருக்க, தையல்காரி கையில் கொப்பி. ஒருமுறை, "நான் கூட்டிப் போறன் உம்மா" என்று கேட்டும் பார்த்தேன். "நீ வேல செய்ற ஆள். ஒன்ன எதுக்கு மகள் லைன்ல நிப்பாட்டிற?" என்று சொல்லிவிட்டார். அன்றோடு அந்தக் கொப்பியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திறந்து பார்த்ததும் இல்லை. கேட்டால் நான் தோற்றதாகிவிடும் என்று ஒரு எண்ணம். என்ன போட்டி, யார் வைத்தது என்று கேட்காதீர்கள்.

என் வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று விளங்காது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நாங்கள் பயப்படுவது ஷொக் என்ற ஒன்றுக்குத்தான். உடம்பெல்லாம் போய்ச் சேரவேண்டிய ரத்தம் போதாமல் போகும் நிலை அது. அடிபட்டு ரத்தம் போனாலும் வரும், டெங்குவிலும் வரும், கிருமி ஏறினாலும் வரும். உடம்பு சும்மா விட்டுவிடாது. குளத்தில் தண்ணீர் வற்றும்போது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் கடைக்கண்டத்து வாய்க்கால்களை ஒவ்வொன்றாக அடைத்து, இருக்கிற தண்ணீரை முக்கியமான வயலுக்குத் திருப்பிவிடுவாரே, அதே வேலையை அது செய்யும். முதலில் தோலுக்குப் போவதை அடைக்கும். கை கால் குளிரும், வெளிறும், குளிரோடு வியர்க்கும். பிறகு குடல், சிறுநீரகம்; சலம் குறையும், தாகம் எடுக்கும். மிச்ச ரத்தத்தை மூளைக்கும் நெஞ்சுக்கும் ஓட்டுவதற்காக இதயம் விழுந்தடித்து ஓடும். நாடி நூறைத் தாண்டும். மூச்சு வேகமாகும். ஆள் அமைதியில்லாமல் புரளுவார். இத்தனை காவலும் போட்டு வைப்பதால் பிரஷர் மட்டும் கடைசிவரைக்கும் நல்ல பிள்ளையாட்டம் நிற்கும். அது விழுவதைக் கண்ட பிறகு ஓடினால் ஓட்டம் கஷ்டம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் தொண்டை கிழியச் சொல்வது இதைத்தான். மெஷினை மாட்டமுன் கையைத் தொடு. நகத்தை அமத்தி விடு, வெள்ளை மாறிச் சிவக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார். மூச்சை எண்ணு. ஒருமுறை ஒலுவில் பக்கத்து மீனவர் ஒருவர் வள்ளத்தின் விளிம்பு வயிற்றில் இடித்ததென்று நடந்தே வந்தார். பிரஷர் நல்லது. பகிடி விட்டுக்கொண்டிருந்தார். அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், கடல்தண்ணியாய்க் குளிர்ந்தது. நான் போட்ட கூச்சலில் டொக்டர் ஓடிவந்தார். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்துகொண்டிருந்தது. ஆள் தப்பினார். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நோன்பு பிறக்க இரண்டு நாளைக்கு முன்னர் நடந்தது இது. நான் கடப்பால் போகும்போது உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நோன்பு இரவுகளில் நெடுநேரம் நின்று தராவீஹ் தொழ முடியாமல் போகப்போகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உம்மா காலை இழுத்துக்கொண்டு, "ஒண்டுமில்ல" என்றார். தங்கச்சி தொடலாம், நான் பார்க்கவும் கூடாது. எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே பாமசிக்குப் போய் நல்ல நோவுக் குளிசையாக ஆறு கார்ட் வாங்கினேன். தங்கச்சி பிள்ளைகளைக் குளிப்பாட்டும் நேரம் பார்த்து உம்மாவின் கையில் வைத்தேன்.

"சாப்பிட்டுட்டு ஒண்டு போடுங்க. நல்ல குளிச. அவளுக்கிட்டச் செல்லத் தேவல்ல."

உம்மா அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். எனக்கும் உம்மாவுக்கும் நடுவில் தங்கச்சிக்குத் தெரியாத ஒன்று. அந்தச் சந்தோசத்தில் நான் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை. வயிற்றில் புண் இருந்ததா, வேறு என்ன குளிசை போடுகிறார் என்று வழியில் போகிறவரிடம்கூடக் கேட்டிருப்பேன். உம்மாவிடம் கேட்டால், "கொப்பியில இரிக்கி, தங்கச்சிக்கிட்டக் கேளு" என்பார். அதனால் கேட்கவில்லை.

நோன்பின் கடைசிப் பத்து நாள். இரண்டு இரவு தொடர்ந்து எனக்கு வேலை, பகலில் தூக்கம். மூன்றாம் நாள் லீவு. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி உரித்துக்கொண்டிருந்தேன். வெயில் இன்னும் சுட்டது. கடப்புக்குள் தங்கச்சியின் தலை தெரிந்தது.

"ராத்தா, உம்மாவ ஒருக்கா வந்து பாருங்க. அவ வேற மாதிரி இரிக்கா."

"என்ன வேற மாதிரி?"

"செல்லத் தெரியல்ல. வேற மாதிரி."

"வேற மாதிரி எண்டு ஒரு வருத்தம் நாங்க படிச்ச புத்தகத்தில இல்ல" என்றேன். இப்படிக் கொத்துவது எனக்குப் பழக்கம். அவள் திரும்பி நடந்தாள். நான் பிரஷர் மெஷினை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். உண்மையில் எனக்கு உள்ளூரச் சந்தோசம். கடைசியில் என்னிடம்தானே வரவேண்டியிருக்கிறது.

உம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது. முகம் வெளிறித்தான் இருந்தது. நோன்பின் கடைசிப் பத்தில் அசருக்குப் பிறகு எங்கள் ஊரில் யாருடைய முகம் வெளிறாமல் இருக்கும்? யாருக்குத் தாகமில்லை? யார் சோர்ந்து படுக்கவில்லை? என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"ஒண்டுமில்ல மகள். நோன்புக் களதான். இவள் சும்மா பயந்து சாகிறாள்" என்றார் உம்மா. சொல்லிவிட்டு மற்றப் பக்கம் புரண்டார். பிறகு இந்தப் பக்கம் புரண்டார்.

கையில் பட்டியைச் சுற்றிப் பொத்தானை அமத்தினேன். மெஷின் உறுமத் தொடங்கியது. தங்கச்சி கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டு, "ராத்தா, ரெண்டு நாளா உம்மாக்கு" என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"மெஷின் வேல செய்யக்குள்ள கதைக்காத" என்றேன். அது உண்மையான சட்டம்தான். பார்க்கும் நேரம் நோயாளியும் கதைக்கக்கூடாது, பக்கத்தில் நிற்கிறவரும் கதைக்கக்கூடாது. வேலையிடத்தில் தினமும் சொல்வது. ஆனால் அன்றைக்கு நான் அதைச் சொன்னது சட்டத்துக்காக அல்ல. அவள் வாயை அடைக்க ஒரு சாட்டுக் கிடைத்தது, அவ்வளவுதான்.

நூற்றுப் பத்துக்கு எண்பது. நாடி எழுபத்திரண்டு.

"பாரு" என்று மெஷினைத் தங்கச்சி பக்கம் திருப்பிக் காட்டினேன். "என்ட பிரஷரும் இவ்வளவு வடிவா இரிக்காது. நாடி எழுவத்திரண்டு. நெலம பிழையான ஆக்களுக்கு நூத்திருவது ஓடும். ஒண்டுமில்ல, நோன்பு தொறந்தாச் சரியாகும்."

பட்டியைச் சுருட்டி உறைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். உம்மாவின் கையை நான் தொடவில்லை. பட்டியைச் சுற்றும்போது நீளக்கை சட்டைத் துணிமேல்தான் என் விரல் பட்டது. ஊருக்குத்தான் உபதேசம்.

கஞ்சி கொதித்து, தேங்காய்ப் பால் விடும் நேரம். தங்கச்சி மறுபடி வந்தாள். இந்தமுறை கடப்பில் நின்று கூப்பிடவில்லை, நேரே குசினிக்குள் வந்து அந்தக் கிளினிக் கொப்பியை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். 

"எனக்கு ஒங்களப் போல தெரியா ராத்தா. ஆனா இதப் பாருங்க. போன மாசம் நூத்தி எழுவது. அதுக்கு முந்தின மாசம் நூத்தி அறுவத்தஞ்சி. இண்டைக்கு நூத்திப் பத்து எண்டா அது எப்பிடி நல்ல பிரஷர்? உம்மாட கை ஐசாக் கெடக்கு. ஆனா வேர்க்குது."

நான் அவள் விரலைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே எழுதியிருந்த குளிசைகளைப் பார்த்தேன். இரண்டாவது வரி, அட்டெனொலோல். இதயத்தைக் கடிவாளம் போட்டுப் பிடிக்கும் குளிசை. அதைப் போடுகிறவரின் நாடி எவ்வளவு ரத்தம் போனாலும் எகிறாது. எழுபத்திரண்டில்தான் நிற்கும். அதற்குக் கீழே, சிவப்புப் பேனையால் கோடு போட்டு, டொக்டர் எழுதியிருந்தார்: முன்பு இரைப்பைப் புண் இருந்தது, நோவுக் குளிசை கொடுக்கக் கூடாது.

தேங்காய்ப் பால் கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று தெரியாது. ஓடினேன். உம்மாவின் கையைத் தொட்டேன். ஒலுவில் மீனவரின் பாதத்தைத் தொட்ட என் கைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நகத்தை அமத்தி விட்டேன். வெள்ளை அப்படியே நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மூச்சை எண்ணினேன், நிமிசத்துக்கு இருபத்தெட்டு. "வெளிக்குப் போனது என்ன நிறம்?" என்று உம்மாவிடம் கேட்டேன். பதில் தங்கச்சியிடமிருந்து வந்தது.

"தார் மாதிரிக் கறுப்பு. ரெண்டு நாளா. அதத்தான் நான் அப்ப செல்ல வந்த."

ஓட்டோவில் உம்மாவைப் பின்சீற்றில் படுக்கவைத்து, காலைத் தங்கச்சி தன் மடியில் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லி அல்ல, இடம் இல்லாததால். நான் தலைப்பக்கம் குந்திக்கொண்டேன். "நோன்பு முறிஞ்சிருமா மகள்?" என்று உம்மா கேட்டுக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நான் இறங்கும்போது என் காலில் செருப்பில்லை என்று காவலாளி சொல்லித்தான் தெரிந்தது.

நான் வேலை செய்யும் அதே அறை, நான் ஆயிரம் பேரைப் படுக்கவைத்த அதே கட்டில். இரண்டு கையிலும் பெரிய ஊசி போட்டார்கள். சேலைன் வேகமாக ஓடியது. ரத்தத்துக்கு ஆள் அனுப்பினார்கள். பிரஷர் எண்பத்திரண்டு. நாடி எழுபத்தெட்டு. விரலில் மாட்டும் மெஷின் குளிர்ந்த விரலில் ஒன்றையும் பிடிக்காமல் கோடு கோடாகக் காட்டியது. என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். சொந்தக்காரர் ஓரமாகத்தான் நிற்கவேண்டும், நானும் எல்லாரையும் அப்படித்தான் தள்ளியிருக்கிறேன்.

டொக்டர் காரைதீவுப் பக்கத்துப் பிள்ளை, என்னை மிஸ் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர். கேள்விகளை என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"மிஸ், அம்மாக்கு என்ன என்ன மருந்து?"

நான் வாயைத் திறந்தேன். தங்கச்சி ஒவ்வொன்றாகச் சொன்னாள், எத்தனை மில்லிகிராம் என்பது உட்பட.

"ஏதாவது ஒவ்வாதா?"

"பென்சிலின் ஒவ்வா. சின்னதுல ஒருக்கா வீங்கினதாம்" என்றாள் தங்கச்சி. எனக்கு அது தெரியாது.

"கடைசியாச் சலம் போனது எப்ப?"

"விடிய சுபஹுக்கு. அதுக்குப் பொறகு இல்ல."

உம்மா உயிருக்குப் போராடும் அந்த நேரத்திலும், சொன்னால் வெட்கம், என் நெஞ்சுக்குள் அந்தப் பழைய முள் குத்தியது. என் இடத்தில், என் ஆட்கள் முன்னால், என் கேள்விகளுக்கெல்லாம் அவள் பதில் சொல்கிறாள். பொறாமைக்கு நேரம் காலம் கிடையாது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"நோவுக் குளிசை ஏதும் எடுத்தவவா?" என்று டொக்டர் கேட்டார்.

தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம்தான். தலையணைக்குக் கீழே இருந்ததை அவள் எப்போதோ கண்டிருக்கிறாள். அந்தத் தலையணைக்கு உறை மாற்றுகிறவள் அவள்தானே.

"ஓம் சேர். முழங்கால் நோவுக்கு. பாமசியில எடுத்தது" என்றாள்.

அதோடு நிறுத்திக்கொண்டாள். யார் எடுத்தது என்று டொக்டர் கேட்கவில்லை. "நல்ல நேரத்தில கண்டுபிடிச்சிட்டீங்க மிஸ். நாடியைப் பார்த்து ஏமாந்திருந்தா கதை முடிஞ்சிருக்கும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் திருத்தியிருக்கவேண்டும். அதற்குள் தங்கச்சி, "ராத்தாதான் கையத் தொட்டுப் பார்த்துப் புடிச்சா" என்றாள்.

ரத்தப் பை வந்து ஏறத் தொடங்கும்போது வெளியே மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். "பாங்கு சென்னாச்சா?" என்று உம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டார். பேரீச்சம்பழம் கேட்டார். வயிற்றுக்குள் குழாய் விடவேண்டும், வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உம்மாவின் உதட்டில் ஒற்றினேன். எனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே வேலை அது. உம்மாவின் கை அப்போது தடவித் தடவிப் போய்க் கட்டிலின் மறுபக்கம் நின்ற தங்கச்சியின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. மூன்று பை ரத்தம் ஏறி, அந்தக் கை சூடாகும்வரைக்கும் அதை விடவில்லை.

உம்மா தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். இரைப்பையில் புண், அதில் ஒரு ரத்தக்குழாய் வாய் திறந்து கசிந்திருக்கிறது. விடியற்காலை ஸஹர் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, நோன்பு திறந்த கையோடு ஒன்று என்று, வெறும் வயிற்றில் நான் கொடுத்த குளிசையை இரண்டாக்கிப் போட்டிருக்கிறார். பெரியவள் தந்தது என்றால் இரட்டிப்புப் பலன் என்று நினைத்தாரோ என்னவோ.

பெருநாளுக்கு வந்தவர்களெல்லாம் என்னைத்தான் கொண்டாடினார்கள். "வீட்டுக்கொரு நேர்ஸ் இரிக்கிறது எவ்வளவு பெரிய பரக்கத்து", "ஒங்கட மகள் இல்லாட்டி நீங்க இண்டைக்கு இல்ல" என்று உம்மாவின் கட்டிலைச் சுற்றி ஒரே புகழ். உம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். தங்கச்சி தட்டில் வட்டிலப்பம் வைத்துக் கொண்டுவந்து கொண்டுவந்து பரிமாறினாள். எனக்கு ஒரு துண்டும் இறங்கவில்லை. இவ்வளவு காலமாக நான் ஆசைப்பட்ட இடம் அது. தங்கச்சி தட்டோடு நிற்க, நான் உம்மாவின் பக்கத்தில். அதையும் அவள்தான் எனக்குத் தூக்கிக் கொடுத்திருந்தாள். கொடுக்கிற கைமேலும் பொறாமை வரும் என்று அதற்கு முதல் எனக்குத் தெரியாது.

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு பின்னேரம் உம்மா உறங்கும்போது கடப்பால் போனேன். தங்கச்சி பெருநாள் முடிந்தும் முடியாத தையல் ஒன்றை மெஷினில் வைத்திருந்தாள். பக்கத்து ஆணியில் கொப்பி தொங்கியது.

"ஏன் பொய் சென்ன?" என்று கேட்டேன். "குளிச நான் குடுத்தது. கையத் தொட்டது நீ. ஊர் முழுக்க என்னத் தூக்கிவெச்சி ஆடுது. நீ வாயத் தொறக்கிறல்ல. என்ன நெனச்சிக்கிட்டிரிக்கிற? நல்லவள் எண்டு பேரெடுக்கவா?"

அவள் மெஷினை நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன், படவில்லை. களைத்தவள் மாதிரி இருந்தாள்.

"ஒங்களுக்காகச் செல்லல்ல ராத்தா. உம்மாக்காக. நீங்க பிழ விட்டீங்க எண்டு அவ கேள்விப்பட்டா, அதத் தாங்கமாட்டா."

"என்ன கத இது?"

"கறுப்பாப் போகத் தொடங்கின அண்டைக்கே நான் ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்ட. காலப் புடிச்சிக் கெஞ்சின. வரல்ல. 'பெரியவள் ராவெல்லாம் முழிச்சிட்டுப் படுக்காள், கரச்சல் குடுக்காத. அவள் ஒழும்பி வந்து பாக்கட்டும். அவள் செல்லட்டும், போவம்' எண்டா. ரெண்டு நாளும் இதே கததான். நான் சமைக்கிற ஆள், கழுவுற ஆள். என்ட சொல்லு அவக்கிட்ட எடுபடாது. நீங்க வந்து அந்தக் கதிரயில இருந்து ஒரு கோப்பத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவீங்க. போன பொறகு ராவு படுக்குமட்டும் ஒங்கட கததான். மகள் எப்பிடி நடக்காள், மகள் எப்பிடிக் கதைக்காள், மகளுக்கு டொக்டர்மாரெல்லாம் என்ன மரியாத. எனக்குப் பத்தி எரியும்."

"ஒனக்கா?"

"பின்ன, ஒங்களுக்கா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. உள்ளே உம்மா ஒருமுறை இருமிவிட்டு மறுபடி உறங்கினார். தங்கச்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்டைக்கு நீங்க நாடி எழுவத்திரண்டு, ஒண்டுமில்ல எண்டு சென்னீங்கதானே. அப்ப உம்மா என்னப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சா. பாத்தியா, எம்புள்ள வந்து செல்லிட்டாள், நீ சும்மா பயந்த எண்ட மாதிரி. உயிர் போற நேரம் ராத்தா. எனக்கு ஒரு நாளும் அவ அப்பிடிச் சிரிச்சதில்ல."

நான் கடப்பால் திரும்பி வந்து, என் பெரிய வீட்டின் குசினியில் நெடுநேரம் நின்றேன். அந்தக் கட்டிலை, அந்தப் பின்னேரத்தை, எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். உம்மாவின் முகத்துக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம்கூட இருந்திருக்காது. நான் குனிந்து பட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். எனக்காக உம்மா சிரித்த அந்தச் சிரிப்பையும் தங்கச்சிதான் பார்த்திருக்கிறாள்.